ஆக்சிஜன் மீட்டர் சொல்லும் சேதி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் பாரா-சைலீன் எடுக்கிறார்கள். நிறமற்ற, பெட்ரோல் போல வாடை வீசும் திரவம். அதைக் காற்றோடு வினைபுரிய வைத்தால் டெரிஃப்தாலிக் அமிலம் என்ற வெள்ளைத் தூள் கிடைக்கும். உங்கள் கையில் உள்ள தண்ணீர்ப் போத்தலும், பலர் உடுத்தியிருக்கும் பாலியெஸ்டர் சட்டையும் அந்தத் தூளிலிருந்து பிறந்தவைதான். தீவில் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருப்பீர்கள், மாணவர்களும் இருக்கிறீர்கள். அந்த வினை நடக்கும் கலனின் ஆக்சிஜன் மீட்டர் சொல்லும் சேதியைப் பற்றி, இரு சாராருக்கும் உதவும்படி பேச முயல்கிறேன்.

பாரா-சைலீனில் ஒரு பென்சீன் வளையம், அதன் எதிரெதிர் முனைகளில் இரண்டு மெத்தில் தொகுதிகள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தவை). இரண்டையும் அமிலமாக்க வேண்டும். முதலாவது எளிது, வினையூக்கியாகக் கோபால்ட் உப்பு மட்டுமே போதும். இரண்டாவதுதான் முரண்டு பிடிக்கும். முதலில் உருவான அமிலத் தொகுதி வளையத்தின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துவிடுவதால், மற்ற மெத்திலிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பது கடினமாகிறது. வினை, ஒரு மெத்தில் மட்டும் அமிலமான பாரா-டொலுயிக் அமிலத்தோடு நின்றுவிடும். ஜெர்மானியர்கள் நடுவில் மெத்தனால் சேர்த்து எஸ்டராக்கி, மறுபடி ஆக்சிஜனேற்றம் செய்து சுற்றுவழியில் போனார்கள். அமெரிக்காவில் சாஃபர், பார்க்கர் இருவரும் கோபால்ட், மாங்கனீசுடன் புரோமைனையும் சேர்த்து ஒரே கலனில் முடித்தார்கள். அதற்கான காப்புரிமை 1958இல் வந்தது.

புரோமைன் என்ன செய்கிறது? புரோமைன் அணு மெத்திலிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரஜன் புரோமைடு ஆகிறது. ஹைட்ரஜனை இழந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்ட, பெராக்சைடு உருவாகிறது. அந்தப் பெராக்சைடு கோபால்ட்டை உயர்நிலைக்கு, அதாவது ஓர் எலக்ட்ரானை இழந்த நிலைக்கு, ஏற்றுகிறது. கோபால்ட் மாங்கனீசை ஏற்றுகிறது, மாங்கனீசு புரோமைடை மீண்டும் புரோமைன் அணுவாக்குகிறது. நடுவில் மாங்கனீசு எதற்கு என்று கேட்கலாம். உயர்நிலைக் கோபால்ட் நெடுநேரம் சும்மா இருந்தால், கரைப்பானாகிய அசெட்டிக் அமிலத்தையே சிதைத்துக் கார்பன் டைஆக்சைடாக்கிவிடும். மாங்கனீசு அதை உடனே இறக்கிவிடுவதால் கரைப்பான் தப்புகிறது.

கலனில் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ், 15 முதல் 30 பார் அழுத்தம். உலோகங்கள் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு இருந்தாலே போதும். கணக்கு இது: 106 கிலோ பாரா-சைலீனுக்கு 96 கிலோ ஆக்சிஜன், கிடைப்பது 166 கிலோ அமிலமும் 36 கிலோ தண்ணீரும். ஒரு கிலோ சைலீனுக்கு ஏறக்குறைய 12.8 மெகாஜூல் வெப்பம் வெளியாகும். குழாயில் வரும் தண்ணீரில் ஐந்து லிட்டரை முழுதாக ஆவியாக்க அது போதும்! அசெட்டிக் அமிலத்தைக் கொதிக்கவிட்டு, ஆவியை மேலே குளிர்வித்துத் திருப்பிவிடுவதால்தான் வெப்பம் கட்டுக்குள் நிற்கிறது. பிறக்கும் தண்ணீரை அங்கேயே பிரித்தெடுக்க வேண்டும். அது மிகுந்தால் வினையூக்கி சோர்ந்துபோகும். சூடான அசெட்டிக் அமிலமும் புரோமைடும் சேர்ந்தால் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரித்துவிடும். அதனால் கலனுக்கு உள்ளே டைட்டானியப் பூச்சுத் தகடு.

இனி என் முக்கியமான செய்தி. கலனிலிருந்து வெளியேறும் வாயுவில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்ற எண்ணை நம்புங்கள். வழக்கமாக அது 2 முதல் 5 விழுக்காட்டுக்குள் இருக்கும்.

காற்று அதிகமானால் பொருள் எரிந்துவிடும் என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் பொருளின் தரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் பஞ்சம்தான், அதாவது அந்த எண் மிகவும் இறங்குவதுதான். ஹைட்ரஜனை இழந்து, ஆக்சிஜனும் கிடைக்காத மூலக்கூறுகள் (தனி உறுப்புகள்) ஒன்றோடொன்று இணைந்து மஞ்சள் நிறச் சேர்மங்களை உண்டாக்கும். பாதி வழியில் நின்ற 4-கார்பாக்சிபென்சால்டிஹைடு கூடும். டெரிஃப்தாலிக் அமிலம் அசெட்டிக் அமிலத்தில் மிகக் குறைவாகவே கரைவதால், உருவானதும் படிகமாக வீழ்கிறது. வடிவத்தில் அதை ஒத்த இந்த ஆல்டிஹைடும் படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. ஆல்டிஹைடில் அமிலத் தொகுதி ஒன்றே இருப்பதால், பாலியெஸ்டர் சங்கிலி அது சேரும் இடத்தோடு முடிந்துவிடும். அதை நீக்க ஒரு வழி உண்டு: தூளை 280 டிகிரி அளவில் தண்ணீரில் கரைத்து, கார்பன் மேல் பதித்த பல்லேடியத்தின் வழியே ஹைட்ரஜனோடு செலுத்தினால், ஆல்டிஹைடு பாரா-டொலுயிக் அமிலமாகி, குளிர்விக்கும்போது தண்ணீரிலேயே தங்கிவிடும். இறுதித் தூளில் ஆல்டிஹைடைப் பத்து லட்சத்தில் 25 பங்குக்குக் கீழே கொண்டுவருவதே தரம்.

அந்த ஆக்சிஜன் எண் ஏறினால்? சைலீனும் காற்றும் மாறாமல் போகும்போது ஆக்சிஜன் ஏறுகிறதென்றால், வினை செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். புரோமைடு குறைந்திருக்கலாம், வெப்பம் இறங்கியிருக்கலாம், தனி உறுப்புகளைப் பிடித்து வினைத் தொடரை முறிக்கும் ஃபீனால் போன்ற அசுத்தம் கலந்திருக்கலாம். இந்த நேரத்தில் வினையைத் தூண்டுவதாக எண்ணிக் காற்றைக் கூட்டுவதுதான் மிக ஆபத்தான தவறு. ஆவியில் ஆக்சிஜன் ஏறத்தாழ 8 விழுக்காட்டை நெருங்கினால் அது தீப்பற்றக்கூடிய கலவையாகலாம். அதற்கு முன்பே காற்று வால்வு தானாக மூடி, நைட்ரஜன் நுழைய வேண்டும். சைலீன் ஊட்டத்தையும் உடனே நிறுத்துங்கள். வினைபுரியாத சைலீன் சேர்ந்திருந்தால், வினை மறுபடி பற்றும்போது அத்தனை வெப்பமும் ஒரே மூச்சில் வெளியாகும். புரோமைடு, தண்ணீர் அளவு, வெப்பநிலை மூன்றையும் சரிபார்த்த பிறகே காற்றை மெல்லத் திறக்கலாம்.