"இதோ வந்துட்டேன்" என்று சொன்னால்...

வணக்கம் நேயர்களே. பிள்ளை அடம்பிடித்தால் "பொறுமையே கிடையாது, அப்படியே அப்பா மாதிரி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பொறுமை நம் பேச்சைப் பொறுத்தும் இருக்கிறது என்பதுதான் இன்றைய விஷயம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் நடத்திய மிட்டாய்ச் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சுமாதிரி ஒரு மிட்டாய். தொடாமல் காத்திருந்தால் இரண்டு. அதை அங்கேயே ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 28 குழந்தைகள். முதலில் தேய்ந்துபோன கிரேயான்களைக் கொடுத்து, "பொறு, நல்லதாகக் கொண்டுவருகிறேன்" என்று போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம் "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்றார்கள். ஸ்டிக்கரிலும் இதே கதை. அதற்குப் பிறகுதான் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்களோ 3 நிமிடம்தான்! வராத ஒன்றுக்கு எதற்குக் காத்திருப்பது? புத்திசாலிக் கணக்குதான் அது. இரண்டே இரண்டு ஏமாற்றத்துக்கு இப்படியென்றால், வீட்டில் தினமும் நடப்பதை யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வருவோம். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் போனில் பேசுகிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு 'அஞ்சு நிமிஷம்' என்றால் என்னவென்று தெரியாது. "குக்கர் மூணு விசில் அடிக்கட்டும், வரேன்" என்று சொல்லுங்கள். அதை அவனால் எண்ண முடியும். மூன்றாவது விசிலுக்கு எழுந்து போய்விட வேண்டும், நாலாவதற்கு இல்லை. முடியாது என்றால் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடலாம். லட்டைக் கண்ணெதிரே வைத்துவிட்டுப் பொறு என்பதும் வேண்டாம். மிட்டாயை மூடி வைத்தபோது பிள்ளைகள் கூடுதல் நேரம் காத்திருந்ததை மிஷலே பார்த்திருக்கிறார்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பிள்ளை தன் வேலையைத் தானே செய்யப் பழகுவது பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பொத்தானை முழுக்க நீங்களே போட்டுவிடாதீர்கள். பாதியைத் துளைக்குள் நுழைத்துவிட்டுக் கையை எடுங்கள், அவன் இழுக்கட்டும். அது பழகியதும், நுழைப்பதையும் அவனிடமே விடுங்கள். பள்ளி வேன் வாசலில் நிற்கும்போது இது நடக்காது, ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். வணக்கம்.