சுயாட்சி கொடுத்தால் நாடு உடைந்துவிடுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம்ங்க. சேலம் அம்மாபேட்டையில இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காரு: "சிறுபான்மை இனத்துக்கு சுயாட்சி குடுத்தா அடுத்து தனி நாடு கேக்க மாட்டாங்களா? நம்ம சேர்வராயன் மலை மக்களுக்கும் அப்படி ஒண்ணு தேவையா?"

இந்த பயம் ரொம்ப பேருக்கு இருக்குங்க. ஆனா நடந்ததை எடுத்துப் பாருங்க. சூடான்ல 1972ல அடிஸ் அபாபா ஒப்பந்தம் போட்டு தெற்குக்கு சுயாட்சி குடுத்தாங்க, சண்டை நின்னுச்சு. 1983ல அதிபர் நிமெய்ரி அந்தத் தெற்கை மூணாக் கூறு போட்டு, சுயாட்சியவே இல்லாம ஆக்கிட்டாரு. மறுபடி மூண்ட போர் 2005 வரைக்கும் ஓயல. 2011ல தெற்கு சூடான் தனி நாடு. குடுத்ததால பிரியல, குடுத்ததைப் புடுங்கினதால பிரிஞ்சது.

இலங்கைய எடுத்துக்கங்க. 1957ல பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் போட்ட ஒப்பந்தம். அதுல கேட்டது பிராந்திய சபைதாங்க, தனி நாடு இல்ல. 1958 ஏப்ரல்ல புத்த பிக்குகள் பிரதமர் வீட்டு முன்னாடி வந்து உக்காந்துட்டாங்க. ஒப்பந்தம் ரத்துன்னு எழுதிக் குடுங்கன்னாங்க. எழுதியே குடுத்துட்டாரு. அன்னிக்கு அதை நிறைவேத்தியிருந்தா அவ்வளவு உசுரு போயிருக்காதுன்னு நான் மனசார நம்பறேன். நம்ம சேலம் மாவட்டத்து முகாம்கள்லயும் இலங்கைத் தமிழ் அகதிகள் வருஷக்கணக்கா இருக்காங்களே! அப்புறம் 1987ல இலங்கை அரசியல் சட்டத்துக்கு 13வது திருத்தம் வந்துச்சு, மாகாண சபை வந்துச்சு. காணி (அதாவது நிலம்), போலீஸ் அதிகாரம் காகிதத்தோட சரி. வட மாகாணத்துக்குத் தனியா முதல் தேர்தலே 2013லதான்.

சரி, எங்கதான் நல்லா நடக்குது? பின்லாந்துல ஓலந்து தீவுகள். அங்க இருக்கிறவங்க ஸ்வீடிஷ் பேசறவங்க, ஸ்வீடனோட சேரணும்னு நின்னாங்க. 1921ல, ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்த சர்வதேச சங்கம், தீவு பின்லாந்துக்கே, ஆனா மொழிக்கும் நிலத்துக்கும் பாதுகாப்பு குடுக்கணும்னு முடிவு சொல்லிச்சு. இன்னிக்கும் அங்க ஆட்சி மொழி ஸ்வீடிஷ் மட்டும்தான். வெளியாளு நெனச்ச உடனே நிலம் வாங்கிட முடியாது. முக்கியமானது என்னன்னா, அந்த சுயாட்சிச் சட்டத்தை பின்லாந்து நாடாளுமன்றம் மட்டும் கூடி மாத்த முடியாது, தீவு சபையும் சம்மதிக்கணும். சூடான்லயும் தெற்கு மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடத்தாம மாத்தக் கூடாதுன்னு சட்டத்துல ஒரு பூட்டு இருந்துச்சு, ஆனா நிமெய்ரி அதை மதிக்கல. இலங்கையில இந்தப் பூட்டே இல்ல.

இன்னொண்ணையும் மறைக்கக் கூடாது. சுயாட்சிப் பகுதிக்குள்ளயும் ஒரு சிறுபான்மை இருக்கும். 1990ல யாழ்ப்பாணத்துல இருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேத்தினாங்க. அந்த மாதிரி ஆளுங்களுக்கும் சட்டத்துலயே காப்பு வேணும்.

இப்ப நம்ம சேர்வராயன் மலை, அதாவது ஏற்காடு. அங்க இனச் சண்டை எதுவும் இல்லீங்க, அதனால ஓலந்து கணக்கை அப்படியே கொண்டுவர வேண்டியதில்ல. ஆனா அந்த மலையில வாழற மலையாளிங்கிற பழங்குடி மக்களுக்கு (கேரளாக்காரங்க இல்லீங்க) நிலம், காடு பத்தி முடிவெடுக்கிற உரிமை வேணும். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகம் சொல்ற நம்ம அரசியல் சட்டத்தோட ஐந்தாவது அட்டவணையில பத்து மாநிலத்துப் பகுதிகள் இருக்கு, தமிழ்நாட்டுல ஒரு மலைகூட இல்ல. அதனால பழங்குடி கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தர்ற 1996 சட்டம் இங்க செல்லாது. 2006 வன உரிமைச் சட்டம் செல்லும். அதுல காட்டு நில உரிமை கேக்கிற மனுவை வாங்கி, சரிபார்த்து, முதல்ல தீர்மானம் போடறது கிராம சபைதான். மலையில இருக்கிற சொந்தபந்தங்ககிட்ட சொல்லுங்க, அடுத்த கிராம சபையில அந்த மனுவைக் குடுக்கட்டும்.