'தாயும் சேயும் நலம்' என்று எழுதியவள் பேசுகிறேன்

நடுவர் அவர்களே, கிருஷ்ணகிரிச் சொந்தங்களே, வணக்கம். பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வுக்கு முதலில் வேண்டியது வீட்டாரின் அரவணைப்பா, செவிலியரின் பரிசோதனையா? பரிசோதனையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி, "எங்க பாட்டி ஒன்பது பெத்தாங்க, அவங்களுக்கு ஏது மனச்சோர்வு?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தம்பி, பாட்டியிடம் யாராவது கேட்டீர்களா?

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். சூளகிரிப் பக்கம் ஒரு வீடு. பச்சை உடம்புக்காரி, காதில் பஞ்சு, தலையில் துண்டு. பூண்டுக் குழம்பு தொடாமல் ஆறிக் கிடக்கிறது. அம்மா, மாமியார், நாத்தனார் என்று அரவணைக்க ஆளுக்குக் குறைவில்லை. குழந்தையைத் தராசில் தொங்கவிட்டேன், 300 கிராம் ஏறியிருந்தது. "நல்லா இருக்கியாம்மா?" என்றேன். "அவளுக்கென்ன, ராணியாட்டம் இருக்கா" என்றார் மாமியார். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் 'தாயும் சேயும் நலம்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து, கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவளை ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்துக் கூட்டி வந்தார்.

பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று 1987இல் வந்தது. தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று போய், கடைசியில் தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பதையும் கேட்டுவிடும். ஐந்து நிமிஷ வேலை. மாமியாரைக் காப்பி போட உள்ளே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும், அது தாளில் இருக்காது!

பிரசவமான சில நாளில் வருகிற அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். அதற்கு அரவணைப்பு போதும், ஒப்புக்கொள்கிறேன். போகாமல் தங்குவதை வீட்டார் சோம்பல் என்பார்கள், திமிர் என்பார்கள், பேய் என்று வேப்பிலை அடிப்பார்கள். பிறந்தது பெண் பிள்ளை என்றால், அணைக்க வேண்டியவர்களே அழ வைக்கிறார்கள். பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த மண்ணில் இதற்கு மேல் விளக்கணுமா?

"கண்டுபிடித்து? மனநல டாக்டர் மலையேறி வருவாரா?" என்று கேட்டார் எதிரணி அக்கா. நியாயமான கேள்வி. பாகிஸ்தானில், ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளிடம் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். 2008இல் முடிவு வந்தது. குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, அப்படிப் பேசப்பட்ட தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு இருந்தது. மற்றவர்களில் 53 சதவீதம். டாக்டர் யாரும் மலையேறவில்லை அக்கா.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வருகிற திட்டம் 2021இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தப் பையிலேயே இந்தத் தாளையும் வையுங்கள் என்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். மனசு சரியில்லை என்றால் கூப்பிட அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, டெலி மானஸ், 14416. தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், இன்னொரு முறை சொல்கிறேன்: 14416.