அறுவடை வண்டி ஓடுது, நடவு இயந்திரம் ஏன் தயங்குது?

[காட்சி: காட்டுமன்னார்கோயில் பக்கம், தை மாசச் சம்பா வயல்]

களிமண் இன்னும் காயல. டயர் வண்டி இறங்கினா புதையும்னு பெல்ட் வண்டி அறுத்துட்டிருக்கு. இதே ஊர்ல நடவு இயந்திரம்னா பல பேர் யோசிக்கிறாங்க. விலைதான் காரணமா? ரெண்டுமே வாடகைக்குக் கிடைக்குது. அறுவடை வண்டிக்காக விவசாயி தன் வேலையில எதையும் மாத்த வேண்டாம். நடவு இயந்திரத்துக்கு நாற்றங்கால்லேருந்தே மாத்தணும்: நாத்தைத் தட்டுல பாய் மாதிரி வளர்க்கணும்.

[காட்சி: தட்டு நாத்து, பக்கத்துல ஒரு ஸ்கேல்]

ஏக்கருக்கு 15லேருந்து 20 கிலோ விதை. மண்ணைச் சலிச்சே போடணும். கல் சிக்கினா, நாத்தைப் பிடிச்சு நடுற இயந்திரத்தோட நடவு விரல் வளையும். பாய் கனம் 2லேருந்து 2.5 செ.மீ. விதை சீரா விழலைன்னா, அங்கங்க குத்து (ஒரே இடத்துல நடுற நாத்துக் கொத்து) விழாம வெத்திடம்தான்.

நாத்து வயசு 14லேருந்து 18 நாள். சிக்கலே இங்கதான். வாய்க்கால் தண்ணி பத்து நாள் தாமதமானாலும் கை நடவு நாத்து தாங்கும். தட்டு நாத்து காத்திருக்காது: வேர் பின்னிக்கும், உயரம் கூடும், விரல் கிழிச்சு எடுக்கும். கடைமடையில தண்ணி எப்ப வரும்னு உறுதியா தெரியாதவர் தட்டு நாத்து போடத் தயங்குறது சோம்பல் இல்ல, கணக்கு.

அடுத்தது மழை. தாமதமா நட்டு ஐப்பசியில கொட்டினா, குட்டையான நாத்து பள்ள வயல்ல மூழ்கிடும். வடிகால் இல்லாத வயலுக்கு இயந்திர நடவை நாங்க சொல்ல மாட்டோம்.

[காட்சி: பரம்படிச்ச வயல்]

சேறு கலக்கி மட்டம் பண்ணி, களிமண்ணை ரெண்டு நாள் படிய விடணும். உடனே நட்டா சேறு தள்ளி பக்கத்து வரிசையை மூடும். ரொம்ப இறுகினா குழி மூடாது. தண்ணி 2, 3 செ.மீ. போதும், மிஞ்சினா நாத்து மிதக்கும்.

துண்டு துண்டா 30 சென்ட் வயல்னா வண்டி திரும்புறதுலயே நேரம் போகும். வரப்படி கையாலதான் நடணும். அதனால பக்கத்து வயல்காரங்க சேர்ந்து ஒரே நாள்ல கூப்பிட்டாதான் வண்டிக்காரருக்கும் கட்டும்.

சொந்தமா வாங்குறதுன்னா வேளாண் பொறியியல் துறை மானியம் 40 சதவீதம். சிறு, குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதைவிடக் கூடுதல். உச்சவரம்பு உண்டு, விண்ணப்பிக்கும் முன்னாடி பாத்துக்குங்க.

[காட்சி: வண்டிக்காரரோட பேச்சு]

முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேளுங்க: நாத்து யார் பொறுப்பு? வெத்திடத்தை யார் நிரப்புவாங்க? விரல் உடைஞ்சா உதிரி பாகம் வண்டியிலயே இருக்கா?