சக்கையைக் குப்பையில் போடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பு வெயிலுக்கு எவருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஒரு கிளாஸ் ஜூஸ்தான். வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக நடந்து பாருங்கள், தோடம்பழம், அன்னாசி, பப்பாசி என்று எது கேட்டாலும் அடித்து, வடித்து, சீனியும் ஐஸும் போட்டுத் தந்துவிடுவார்கள். வடியில் மிஞ்சுகிற சக்கை குப்பை வாளிக்குப் போகும். அந்தச் சக்கையைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

அந்தச் சக்கையில் இருப்பது நார்ச்சத்து. அப்படிச் சொன்னதும், "ஓ, மலச்சிக்கலுக்கா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். சரி, அதற்கும்தான். ஆனால் அது பாதிக் கதை.

பழத்திலுள்ள நாரை உடைக்கிற நொதியம் நம்முடைய உடம்பில் கிடையாது. சோறு, மீன், பருப்பு எல்லாம் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடும். நார் மட்டும் அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேரும். நம் உடம்பில் வாழும் பற்றீரியாக்களில் மிகப் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்று 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. நம்மிடம் இல்லாத நொதியங்கள் அவற்றிடம் உண்டு. கொய்யாவிலும் தோடம்பழத்திலும் இருக்கிற பெக்டின் என்ற நார்ப்பொருள் அவற்றுக்கு நல்ல தீனி.

அதைத் தின்று அவை வெளிவிடுவது குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள். பெயர் கொஞ்சம் நீளம், மன்னியுங்கள். அவற்றில் ஒன்றான பியூட்டிரேட்டை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பெருங்குடலின் உட்சுவரில் இருக்கிற கலங்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை அதிலிருந்துதான் எடுக்கின்றன. அது மட்டுமல்ல, இந்த அமிலங்களால் பெருங்குடலில் புளிப்புத்தன்மை கூடும். நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

நார் வராவிட்டால் என்ன ஆகும்? 2016இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளுக்கு நாரே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பசித்த மாடு வேலியை மேய்வதுபோல, பற்றீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தைத் தின்னத் தொடங்கிவிட்டன. படலம் மெலிந்தது, கிருமித்தொற்று சுலபமாக உள்ளே புகுந்தது. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். என்றாலும் அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி அல்ல.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் இருக்கிறது. வாழைப்பழத்தில் இரண்டரை கிராம் அளவில், பப்பாசியிலும் மாம்பழத்திலும் ஒன்றரைக்குச் சற்று மேலே. வத்தகப்பழத்தில் அரைக் கிராம்கூட இல்லை, அது தாகத்துக்கு மட்டும்தான். தோடம்பழத்தைச் சுளையாகத் தின்றால் 100 கிராமுக்கு இரண்டு கிராமுக்கு மேல் கிடைக்கும். அதையே பிழிந்து வடித்தால் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது, சீனி மட்டும் வரும். 2013இல் வந்த ஒரு பெரிய ஆய்விலும், முழுப் பழம் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் குறைவாகவும், ஜூஸ் குடித்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. காலிமுகத்திடலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிற அன்னாசித் துண்டு ஜூஸைவிட எவ்வளவோ மேல். உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி வாங்குங்கள்.

ஆனைக்கொய்யா, அதுதான் அவகாடோ, நாரில் கொய்யாவையும் மிஞ்சியது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 163 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். தினமும் அவகாடோ சாப்பிட்ட பிரிவினரின் குடலில் நாரை உடைக்கும் பற்றீரியாக்கள் பெருகியிருந்தன. ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அங்குள்ள அவகாடோ வணிகத்துறையின் சபை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நம்முடைய வீடுகளில் இதைச் சீனியும் ரின்பாலும் போட்டுக் குழைப்பதுதான் எனக்குக் கவலை.

இனி வாழைப்பழம். நன்றாகக் கனியாததில் செரிமானத்துக்கு மசியாத மாப்பொருள் நிறைய உண்டு. அதுவும் நாரைப் போலவே பெருங்குடலுக்குப் போய்ப் பற்றீரியாக்களுக்கு உணவாகும். கனியக் கனிய அது சீனியாக மாறிவிடும்.

உணவை மாற்றினால் குடல் பற்றீரியாக்களின் கூட்டமும் சில நாட்களிலேயே மாறத் தொடங்கும். 2014இல் அமெரிக்காவில் இதை உறுதிப்படுத்தினார்கள். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அவையும் பழையபடி திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தட்டு நிறையப் பழம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே நாலு கொய்யாவைத் தின்றால் வயிறு ஊதும். பற்றீரியா நாரைத் தின்னும்போது வாயு வரத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள். எதைத் தின்றாலும் வயிறு பொருமுகிற சிலருக்கு மாம்பழமும் அப்பிளும் ஒத்துக்கொள்ளாது, பப்பாசியும் தோடம்பழமும் பெரும்பாலும் தொந்தரவு தராது. கொய்யா விதை குடல்வாலில் போய் அடைத்துக்கொள்ளும் என்று பயந்து விதையைத் துப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி நடப்பது மிக மிக அரிது, அதற்காகக் கொய்யாவை ஒதுக்க வேண்டியதில்லை.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் கதை வேறு. வாழைப்பழம், தோடம்பழம், ஆனைக்கொய்யா மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். உங்கள் வைத்தியரைக் கேட்காமல் பழத்தைக் கூட்ட வேண்டாம். காமரங்காவை, அதுதான் நட்சத்திரப் பழத்தை, தொடவே வேண்டாம். அதிலுள்ள நச்சுப்பொருளைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அது மூளையைத் தாக்கும். விக்கலில் தொடங்கி வலிப்பு வரைக்கும் போகும், உயிர்களும் போயிருக்கின்றன. காமரங்கா சாப்பிட்ட பிறகு விக்கல் நிற்காவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வணக்கம்.