எம்.எல்.ஏ. பெரியவரா, மாவட்டச் செயலாளர் பெரியவரா?

வணக்கம். ஊரில் பேருந்து நிழற்குடை திறக்கிறார்கள், போஸ்டர் ஒட்டுகிறார்கள். எம்.எல்.ஏ. படத்தைவிட இன்னொருவர் படம் பெரிதாக இருக்கும். அவர்தான் மா.செ., கட்சியின் மாவட்டச் செயலாளர். எம்.எல்.ஏ.வே அவர் முன்னால் கொஞ்சம் அடங்கித்தான் நிற்பார். ஏன்?

திருச்சி தி.மு.க.வின் கே.என். நேருவைப் பாருங்கள். 1986-ல் புள்ளம்பாடி ஒன்றியப் பெருந்தலைவர், 1989-ல் லால்குடி எம்.எல்.ஏ., கையோடு அமைச்சர். 2006-ல் போக்குவரத்துத் துறை. 2011-ல் திருச்சி மேற்கில் அ.தி.மு.க.வின் மரியம் பிச்சையிடம் தோற்றார். பிச்சை அமைச்சராகி, எம்.எல்.ஏ.வாகப் பதவியேற்கச் சென்னைக்குப் போகும் வழியிலேயே விபத்தில் இறந்துபோனார். அதே வருடம் இடைத்தேர்தல். நேரு மறுபடியும் தோற்றார்.

வேறு ஆளாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மா.செ. பதவி அவர் கையிலேயே இருந்தது, 2016-ல் அதே தொகுதியில் ஜெயித்துத் திரும்பி வந்தார்.

எம்.எல்.ஏ. பதவி அஞ்சு வருடக் கணக்கு. சபையில் கட்சிக் கொறடா உத்தரவை (இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்டளையை) மீறி ஓட்டுப் போட்டால், 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி அந்தப் பதவிக்கே ஆபத்து. மா.செ. விஷயம் வேறு. கிளை, ஒன்றியம், நகரம் என்று கீழே இருக்கிற நிர்வாகிகள் எல்லாம் அவர் முகம் பார்த்துத்தான் நடப்பார்கள், உள்ளாட்சித் தேர்தல் வந்தால் கவுன்சிலர் சீட்டுக்கு அவர் வீட்டு வாசலில்தான் கூட்டம், சட்டமன்றத்துக்குச் சீட் கேட்டு விருப்ப மனு கொடுத்தவர்களைப் பற்றித் தலைமை விசாரிப்பதும் அவரிடம்தான். பூத் ஏஜென்ட் போடுவது, பொதுக்கூட்டத்துக்கு ஆள் திரட்டுவது, கட்சிக்காரன் வீட்டுக் காதுகுத்துக்கும் துக்கத்துக்கும் தவறாமல் போய் நிற்பது, இதெல்லாம் தேர்தலில் தோற்றாலும் நிற்காத வேலை. என்னைக் கேட்டால் அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் எடை அதிகம்.

சரி, இப்படி ஒருவர் வளர்ந்துகொண்டே போனால் தலைமை சும்மா இருக்குமா? அதற்கும் வழி இருக்கிறது. மாவட்டத்தையே பிரித்துவிடுவார்கள். அரசுக் கணக்கில் ஒரே மாவட்டம், கட்சிக் கணக்கில் இரண்டு, மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு மா.செ. 2020-ல் நேரு கட்சியின் முதன்மைச் செயலாளர் ஆனார், தி.மு.க. திருச்சியை மூன்றாகப் பிரித்தது. தெற்கு மாவட்டம் அன்பில் மகேஸ் கைக்குப் போனது. அவர் தாத்தா அன்பில் தர்மலிங்கம், நேருவுக்கு முந்தைய தலைமுறையில் திருச்சி தி.மு.க.வின் பெரிய கை.