வரிசையில் இல்லாதவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வாசலில் ஒரு நீண்ட வரிசை இருக்கும். நான் பேச வந்தது அதில் நிற்பவர்களைப் பற்றி இல்லை. அந்த வரிசைக்கே வராதவர்களைப் பற்றி.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு டாக்டர். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த கிராமத்தில் வைத்தியம் பார்த்தவர். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகப் போய்ச் சேர்கிறது என்று 1971இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். பிரிட்டனில் 1948இலிருந்தே வைத்தியம் இலவசம். அங்கேயே அந்த நிலைமை!

மனிதர் எழுதியதோடு நிற்கவில்லை. தன் பொறுப்பில் இருந்தவர்களைத் தேடித் தேடி இரத்த அழுத்தம் பார்த்தார். இரத்தக் கொதிப்பு வலிக்காது. வலிக்காத நோய்க்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? ஆஸ்பத்திரிச் சீட்டு இலவசம், சரி. பஸ்ஸுக்கு? பிள்ளையை யாரிடம் விடுவது? போன தடவை எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவர் மறுபடி அந்தப் படி ஏறுவாரா? இதையெல்லாம் கேட்காமல் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. வர முடியாதவரை வரத் தெரியாதவராக ஆக்கிவிடுகிற வார்த்தை அது.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் கடும் வெப்ப அலை. சில நாட்களில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். வெயில் ஊருக்கே பொதுவாகத்தான் அடித்தது. செத்தவர்களில் நிறையப் பேர் ஏழை முதியவர்கள், தனியாக இருந்தவர்கள். திருட்டுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுக்கத்தில் கிடந்தவர்களும் உண்டு. கதவைத் தட்டி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை. இறப்புச் சான்றிதழில் வெப்பம் என்று எழுதலாம். தனிமையையும் வறுமையையும் எழுத அதில் இடம் கிடையாது.

அப்புறம், இந்தச் சராசரி. நூறு குழந்தைகளில் தொண்ணூறு பேருக்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கைதட்டுவோம். மிச்சம் பத்துக் குழந்தைகள் எங்கே? தெருவுக்கு ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. பெரும்பாலும் அப்படி இருக்காது. பத்தும் ஒரே ஓரத்தில், வேலை தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களில், முகவரியே இல்லாத வீடுகளில் இருக்கும். அம்மை வந்தால் நேராக அங்கேதான் போகும்.

சுகாதாரத் துறையில் வேலை செய்பவர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதுகிறீர்கள் அல்லவா? பக்கத்திலேயே இன்னொரு பத்தி போடுங்கள்: மறுபடி வரச்சொல்லி வராதவர்கள். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். போய்த் திட்டாதீர்கள். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டு வாருங்கள்.